இழை அறுந்தால் யார் நிறுத்துவது?

திண்டுக்கல் மாவட்டத்து வேடசந்தூர் பக்கம் ஏதாவது ஒரு நூற்பாலையின் ஸ்பின்னிங் பிரிவுக்குள் நுழைந்தால் முதலில் காது அடைக்கும், அப்புறம்தான் கண் பழகும். ஒரு ரிங் ஃபிரேமில் ஆயிரம் கதிர்களுக்கு மேல் இருக்கும். ஒவ்வொரு கதிரும் நிமிடத்துக்கு 15,000 சுற்றுக்கும் மேல் சுழலும். இரண்டு மெஷின்களுக்கு நடுவே உள்ள சந்தில் ஒரு பெண் நடந்துகொண்டே இருப்பார். மில்லில் அவரை ‘சைடர்’ என்பார்கள். அறுந்த இழையைக் கண்டுபிடித்து ஒட்டுவதுதான் அவர் வேலை. முழங்காலால் பிரேக்கை அழுத்திக் கதிரை நிறுத்துவார். பாபினில் சுற்றிக்கொண்ட நூல் முனையைத் தேடி எடுப்பார். டிராவலர் என்கிற சின்ன வளையத்தில் மாட்டி, மேலே கொக்கியில் நுழைத்து, உருளையிலிருந்து இறங்கும் பஞ்சோடு சேர்த்துவிடுவார். பழகிய கைக்கு இவ்வளவும் சில விநாடி வேலை. உடனே அடுத்த கதிருக்கு நகர்ந்துவிடுவார்.

அவர் வந்து சேரும்வரை மேலே உருளை நிற்பதில்லை. பஞ்சு இறங்கிக்கொண்டே இருக்கும். நூலாகாத அந்தப் பஞ்சை உறிஞ்சுகுழாய் இழுத்துக் கழிவுப் பெட்டிக்குள் தள்ளும். அதை ‘நியூமாஃபில் வேஸ்ட்’ என்பார்கள். வேஸ்ட் என்று பெயரே தவிர, அதைக் கொட்டிவிடுவதில்லை. திரும்பவும் மிக்ஸிங்கில் கலந்து முதலிலிருந்து ஓட்டுவார்கள். ஏற்கெனவே ஒருமுறை அடிபட்டு, சீவுபட்டு, இழுபட்ட பஞ்சு அது. அளவுக்கு மீறிக் கலந்தால் நூலின் தரம் இறங்கும், இன்னும் அதிகமாக அறுகும். அசலைக் கட்டாமல் வட்டிக்கு வட்டி ஏறுகிற கதைதான்.

விரயத்தைக் குறைக்கும் ‘லீன்’, தொடர்ந்து திருத்தும் ‘கைசன்’ என்றதும் மேலாண்மை வகுப்புகளில் கார்த் தொழிற்சாலைப் படம்தான் போடுகிறார்கள். அதன் வேர் நூலில் இருக்கிறது. திண்டுக்கல்காரர்களாவது இதை உரிமையோடு சொல்லிக்கொள்ளலாம். ஜப்பானில் 1867இல் ஒரு தச்சரின் மகனாகப் பிறந்தவர் சகிச்சி டொயோடா. 1896இல் அவர் செய்த விசைத்தறிக்கு ஒரு தனிக்குணம் இருந்தது. ஊடை நூல் அறுந்தாலோ தீர்ந்தாலோ தறி தானாகவே நின்றுவிடும். 1924இல் அவர் முடித்த தானியங்கித் தறியின் காப்புரிமையை, 1929இல் இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் காசு கொடுத்து வாங்கியது. இந்திய ஆலைகளுக்கும் எந்திரம் விற்ற கம்பெனி அது. சகிச்சியின் மகன் கிச்சிரோ 1937இல் டொயோட்டா மோட்டார் கம்பெனியைத் தொடங்கினார். பிற்பாடு உலகமே பாடமாகப் படித்த டொயோட்டா முறையைச் செதுக்கிய தைச்சி ஓனோவும் கார்க்காரராக வாழ்க்கையைத் தொடங்கியவர் அல்லர். 1932இல் அவர் சேர்ந்தது டொயோடாவின் நூற்பு, நெசவு ஆலையில். கார்ப் பக்கம் போனது 1943இல்தான்.

தறி தானாக நிற்பதில் இரண்டு லாபம். நூல் அறுந்தபிறகும் ஓடிக் கெட்ட துணி விழுவதில்லை என்பது ஒன்று. ஒரு ஆள் ஒரு தறிக்குக் காவல் நிற்கத் தேவையில்லை என்பது மற்றொன்று. இரண்டாவதைத்தான் முதலாளிகள் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். முதலாவதில்தான் விஷயம் இருக்கிறது என்பது என் கட்சி. கோளாறு நேர்ந்த இடத்திலேயே, நேர்ந்த நொடியிலேயே அது எல்லார் கண்ணிலும் பட வேண்டும். கார்த் தொழிற்சாலையில் இதற்காகவே ஒரு கயிறு கட்டினார்கள். வரிசையில் நிற்கும் எந்தத் தொழிலாளியும் ஏதோ சரியில்லை என்று பட்டால் அதை இழுக்கலாம். விளக்கு எரியும், மேற்பார்வையாளர் ஓடிவருவார். அடுத்த இடத்துக்கு வண்டி நகர்வதற்குள் சரிசெய்ய முடியாவிட்டால் மொத்த வரிசையும் நிற்கும். அதற்காகத் தொழிலாளியை யாரும் திட்டக் கூடாது என்பது விதி. அந்த விதி போய்விட்டால் அது வெறும் கயிறு.

நம் ஆலைகளுக்கும் இப்போது அந்த விளக்கு வந்துவிட்டது. புதிய ரிங் ஃபிரேம்களில் கதிருக்குக் கதிர் சென்சார் வைக்கிறார்கள். இழை அறுந்தால் அந்தக் கதிருக்கு நேரே சின்ன விளக்கு மினுங்கும், சைடர் நேராக அங்கே போய்விடலாம். சிலவற்றில் அறுந்த கதிருக்கு வருகிற ‘ரோவிங்’ என்ற பஞ்சுத் திரியையே நிறுத்திவிடும் வசதியும் உண்டு. எந்தக் கதிர் அடிக்கடி அறுகிறது என்ற கணக்கு சூபர்வைசரின் கணினியில் விழுகிறது. அதை வைத்து இரண்டு காரியம் செய்யலாம். அந்தக் கதிரில் என்ன கோளாறு என்று தேடலாம். அல்லது அந்த சைடில் யார் நின்றது என்று தேடலாம்.

முதல் வழியில் போவதற்கு ஓனோ ஒரு பழக்கம் சொல்லிக்கொடுத்தார். ‘ஏன்’ என்று ஐந்து முறை கேட்பது. மதிய ஷிஃப்டில் ஒரு ஃபிரேமில் மட்டும் இழை அதிகம் அறுகிறது என்று வைத்துக்கொள்வோம். சைடர் மெத்தனம் என்று சொல்லிவிட்டால் விசாரணை அங்கேயே முடிந்துவிடும். மேலே கேட்டால்தான் தெரியும், மதியத்தில் அந்த மூலையில் காற்று காய்ந்துபோகிறது என்று. பருத்தி ஈரப்பதத்தை நம்பி நூலாகிற பொருள். சித்திரை வெயிலில் திண்டுக்கல் சமவெளி எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஹியூமிடிட்டி பிளான்ட் ஏன் அந்த மூலைக்கு எட்டவில்லை? தண்ணீர் தெளிக்கும் நாசில் அடைத்திருக்கிறது. ஏன் அடைத்தது? போர் தண்ணீரில் உப்பு. ஏன் சுத்தம் செய்யவில்லை? அதைச் சுத்தம் செய்வது ஸ்பின்னிங் பிரிவின் வேலையா, மெயின்டெனன்ஸின் வேலையா என்று யாரும் முடிவு செய்யவில்லை. இப்படி ஒரு சங்கிலி இருக்கலாம். தேய்ந்த டிராவலரில் தொடங்கும் வேறொரு சங்கிலியும் இருக்கலாம். கேட்டுக்கொண்டே போனால் கடைசியில் வருவது பெரும்பாலும் ஒரு ஆளாக இருப்பதில்லை, ஒரு ஏற்பாட்டின் ஓட்டையாகத்தான் இருக்கும்.

வீட்டிலும் இதே கதைதான். எங்கள் வீட்டுப் பையனுக்குப் புதன்கிழமை மட்டும் ஸ்கூல் வேன் தப்பும். “அவன் சோம்பேறி” என்பது பாட்டியின் தீர்ப்பு. வெள்ளை சாக்ஸ் ஈரமாக இருந்ததுதான் உண்மை. முந்தின இரவுதான் அதைத் துவைத்திருக்கிறோம். போன புதன் கழற்றிய சாக்ஸ் ஷூவுக்குள்ளேயே ஒரு வாரம் கிடந்திருக்கிறது. அழுக்குக்கூடை மாடியில், ஷூ கழற்றுவது வாசலில். வாசலிலேயே ஒரு கூடை வைத்ததும் பிரச்சினை தீர்ந்தது. பாட்டி இன்னும் தீர்ப்பை மாற்றவில்லை.

இந்த மாதிரிச் சின்னச் சின்னத் திருத்தங்களை நிறுத்தாமல் செய்துகொண்டே இருப்பதைத்தான் கைசன் என்கிறார்கள். தமிழகத்துக்கு இது புதிதல்ல. டி.வி.எஸ். குழுமத்தின் சுந்தரம் கிளேட்டன் 1998இல் தரத்துக்கான ஜப்பானின் டெமிங் பரிசை வாங்கியது. இந்தியாவுக்கு வந்த முதல் டெமிங் பரிசு அது. அதற்கும் நெடுநாள் முன்பே, 1956இல் கோவையில் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம் தொடங்கிவிட்டது. ‘சிட்ரா’ என்றால் எந்த மில்காரருக்கும் தெரியும். ஆலைக்கு ஆலை பஞ்சுக் கழிவு எவ்வளவு, இழை அறுவது எவ்வளவு, ஒரு ஆளுக்கு உற்பத்தி எவ்வளவு என்று ஒப்பிட்டுச் சொல்வது சிட்ராவின் பழைய பணி. நூலின் அடக்க விலையில் பாதிக்கு மேல் பஞ்சுக்கே போகிறது. ஆகவே கழிவில் ஒரு சதவீதம் குறைந்தால்கூட ஆலைக்கு அது பெரிய பணம். பக்கத்து ஆலையால் முடிகிறது என்று தெரிந்தபிறகு ‘எங்கள் பஞ்சு அப்படி’ என்று சொல்லித் தப்பிக்க முடியாது. ஓனோவும் நூற்பாலையில் இருந்த காலத்தில் போட்டி ஆலையான நிச்சிபோவோடு தன் ஆலையை ஒப்பிட்டுப் பார்த்துத்தான் பாடம் கற்றார்.

திண்டுக்கல் என்றால் பூட்டைச் சொல்லாமல் விடக் கூடாது. 2019இல் புவிசார் குறியீடு கிடைத்த தொழில். கையால் அரம் போட்டுச் சாவி செய்கிறவர், தன் வேலையைத் தானே சோதித்த பின்புதான் கீழே வைப்பார். தரத்தில் குறை சொல்ல முடியாது. ஆனாலும் அலிகார் பூட்டும் மெஷின் பூட்டும் வந்து சந்தையைப் பிடித்துக்கொண்டன. எல்லா நோய்க்கும் கைசன் மருந்து என்று பேசும் பயிற்சியாளர்கள் ஒருநாள் இந்தப் பூட்டுப் பட்டறைகளில் உட்கார்ந்து பார்க்கலாம்.

ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையிலும் அப்படியே ஒருநாள் உட்கார்ந்து பார்க்கலாம். விலை சரிந்த நாட்களில் பறிகூலிகூடக் கட்டாமல் தக்காளியைச் சாலையோரம் கொட்டிவிட்டுப் போவார்கள். ஓனோ வகுத்த ஏழு விரயங்களில் முதன்மையானது தேவைக்கு மேல் உற்பத்தி செய்வது. தேவை எவ்வளவு என்று விவசாயிக்குச் சொல்ல யாரும் இல்லாதபோது அவர் எதைக் குறைப்பார்? நூற்பாலைக்காரர்களுக்கும் இந்த வலி தெரியும். 2023 ஜூலையில் பஞ்சு விலையும் நூல் விலையும் கட்டுப்படியாகவில்லை என்று தமிழகத்துச் சிறு, நடுத்தர ஆலைகளின் சங்கங்கள் உற்பத்தி நிறுத்தத்தையே அறிவித்தன.

இப்போது தொழிலாளி இழுக்கும் அந்தக் கயிற்றுக்கு வருவோம். நம் ஆலைகளில் அதை இழுக்கும் துணிச்சல் யாருக்கு வரும்? இந்தச் சமவெளியின் ஆலைகளில் வேலை பார்ப்பவர்களில் இளம் பெண்கள் மிக அதிகம். பலர் ஆலை விடுதியிலேயே தங்கியிருப்பவர்கள். கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் தருவதாகச் சொல்லி ஆள் எடுத்த ‘சுமங்கலித் திட்ட’ காலத்திலிருந்து இங்கே நடந்த குறைகளைப் பற்றி எத்தனையோ அறிக்கைகள் வந்துவிட்டன. ஊருக்குப் போனில் பேசும்போது “நல்லா இருக்கேம்மா” என்று மட்டும் சொல்லப் பழகிய பிள்ளைகள். டார்கெட் எட்டவில்லை என்றால் சூபர்வைசர் வாயில் வரும் வார்த்தைகள் எந்தப் பலகையிலும் ஏறுவதில்லை. சரக்கு வாங்கும் பையர் வருவதற்கு முந்தின நாள் மஞ்சள் கோடு அடித்து, ஒழுங்கும் சுத்தமும் பேசும் ‘5 எஸ்’ போர்டைத் துடைத்து வைப்பதும் இதே ஆலைகளில்தான்.

2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்டத்து ஆயத்த ஆடை ஆலையில் வேலை பார்த்த ஒரு தலித் இளம்பெண் கொலையானார். சூபர்வைசர் ஒருவர் மீதுதான் குற்றச்சாட்டு. அதன் பிறகு நடந்த போராட்டத்தின் முடிவில் 2022 ஏப்ரலில் ‘திண்டுக்கல் ஒப்பந்தம்’ கையெழுத்தானது. பெண்கள் தலைமையில் இயங்கும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் ஒருபக்கம், ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் மறுபக்கம். சர்வதேசத் தொழிலாளர் அமைப்புகளும் கூட நின்றன. எச் அண்ட் எம் நிறுவனமும், பின்னர் கேப், பி.வி.எச். நிறுவனங்களும் சேர்ந்துகொண்டன. ஆயத்த ஆடை ஆலையும் நூற்பாலைகளுமாக 5,000க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் இதற்குள் வந்தார்கள்.

அந்த ஒப்பந்தம் லீன் பற்றிப் பேச வந்தது அல்ல. ஆனால் அதன் நடைமுறையைப் படித்தால் ஓனோவுக்குப் புரிந்திருக்கும். தையல் வரிசையிலேயே வேலை பார்க்கும் பெண்களில் சிலரைச் சங்கம் கண்காணிப்பாளர்களாகத் தேர்ந்து பயிற்சி கொடுத்தது. தொந்தரவோ வசவோ கண்ணில் பட்டால் பெரிதாக வெடிக்கும்வரை காத்திருக்காமல் அன்றே எடுத்துச் சொல்வது அவர்கள் பொறுப்பு. சொன்னதற்காகப் பழிவாங்கக் கூடாது. ஆலை ஒப்பந்தத்தை மீறினால் பிராண்டுகள் ஆர்டரில் கைவைக்கும் என்பது ஏற்பாடாக இருந்தது. முதல் ஆண்டில் 185 குறைகள் பதிவாயின. மிகப் பெரும்பாலானவை ஒரு வாரத்துக்குள் தீர்ந்தன.

185 என்ற எண்ணைப் பார்த்து ‘இவ்வளவு பிரச்சினையா’ என்று பதறுகிற நிர்வாகிகள் உண்டு. எனக்குச் சந்தேகம் வருவது, வருடம் முழுக்க ஒரு புகார்கூட வரவில்லை என்று மார்தட்டும் ஆலைகள் மீதுதான். இழையே அறாத ரிங் ஃபிரேமை எந்த ஸ்பின்னிங் மாஸ்டராவது பார்த்திருக்கிறாரா?

அடுத்த சிக்கல் ஏற்கெனவே வாசலுக்கு வந்துவிட்டது. உள்ளூர்ப் பிள்ளைகள் கல்லூரிக்கும் வேறு வேலைக்கும் போக, ஃபிரேம்களுக்கு நடுவே இப்போது நடப்பவர்களில் பலர் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் பெண்கள். கதிரில் எரியும் விளக்கை அவர்கள் முதல் நாளே புரிந்துகொள்கிறார்கள். மேஸ்திரி பேசுவது தமிழ், அவர்கள் பேசுவது ஒடியாவும் இந்தியும். புகார்க் குழுவின் போர்டு பல ஆலைகளில் இன்னும் தமிழில் மட்டும்தான் தொங்குகிறது.