புகையோடு போகும் எண்ணெய்

மலையடிவாரத்து எலுமிச்சைத் தோப்புகளின் பசுமையும் சந்தையின் வாசனையுமாக விளங்கும் புளியங்குடியை விட்டுக் கிழக்கே சங்கரன்கோவில் திசையில் செல்லச் செல்ல, பூமி வறண்டு, தரிசுகளையும் குளங்களையும் சீமைக்கருவேலம் கவர்ந்துகொண்டிருப்பதைக் காணலாம். அம்மரத்தை வெட்டி அடுக்கி, மேலே மண் பூசி, காற்றுப் புகாமல் உள்ளுக்குள்ளேயே கனலவிட்டுக் கரி எடுப்பதைத் தென் ஜில்லாக்களில் மூட்டம் போடுவது என்பார்கள். போட்ட மரத்தின் எடையில் நாலில் ஒரு பங்கு கரியாகத் தேறினால் அதிருஷ்டந்தான். மிச்சத்தில் பெரும்பகுதி புகையாகப் போய்விடும்.

அந்தப் புகையைக் குழாய் வழியே இழுத்துக் குளிர்வித்தால், காடியும் தாரும், மரச்சாராயம் எனப்படும் மெதனாலும் திரவமாக இறங்கும். 1923-இல் பத்ராவதியில் இரும்பாலை தொடங்கிய மைசூர் சமஸ்தானம், உலைக்கு வேண்டிய கரியைச் சுட்டதோடு நில்லாமல், அதன் புகையிலிருந்து இவற்றையும் வடித்தெடுத்தது. நம் பக்கத்து மனிதர், திருக்குறுங்குடியில் பிறந்து மதுரையில் மோட்டார்த் தொழில் வளர்த்த டி.வி.சுந்தரம் ஐயங்கார், இரண்டாம் உலக யுத்தத்தில் பெட்ரோல் அருகியபோது, திரவம் வரைக்கும் போகாமல், கரியிலிருந்து எழும் வாயுவையே எஞ்சினுக்கு ஊட்டும் சாதனம் செய்தளித்தார். (மேடு வந்தால் பிரயாணிகள் இறங்கிப் பஸ்ஸைத் தள்ளிய கதைகளை முதியோர் சொல்லக் கேட்டதுண்டு.) பெட்ரோல் திரும்பியதும் கரிவாயு பஸ் மறைந்தது.

இப்போது பிராணவாயு படாமல் சுமார் 500 டிகிரி வெப்பத்தில் மரத்தூளைக் கணப்பொழுதில் சுட்டு, பாதிக்கு மேல் கறுத்த எண்ணெயாக்குகிறார்கள்; நீரும் அமிலமும் மிகுந்த அதைச் சுத்திகரியாமல் வார்த்தால் எஞ்சினை அரித்துவிடும். செல்லுலோஸைச் சர்க்கரையாக்கிப் புளிக்கவைப்பது மற்றொரு மார்க்கம். அஸ்ஸாமின் நுமாலிகரில் 2025 செப்டம்பரில் திறக்கப்பட்ட ஆலை இவ்வாறு ஆண்டுக்குச் சுமார் 49,000 டன் எத்தனால் வடிக்கும் திறனுடையது. அதற்கு வேண்டிய பச்சை மூங்கிலோ 5 லட்சம் டன்.

பத்துக்கு ஒன்று என்னும் இக்கணக்கில்தான் சங்கடம். ரசாயனத்தைக் காட்டிலும் வண்டிக்கூலி பெரிது. முள்ளும் பள்ளமுமாகச் சிதறிக் கிடக்கும் சீமைக்கருவேலத்தை டீசல் லாரியில் ஏற்றித் தூரத்து ஆலைக்குக் கொண்டுபோவதைவிட, மூட்டம் போடும் இடத்திலேயே புகையைக் குளிர்விக்கும் சிறு கலங்கள் வைப்பதே இப்பிரதேசத்துக்குப் பொருந்தும் என்பது என் அபிப்பிராயம். கோடரி மட்டும், குற்றாலத்து அருவிக்கு ஊற்றான மேற்கு மலைப்பக்கம் திரும்பலாகாது.

இதிலும் எனக்கோர் ஐயம் உண்டு. 2017-இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை களையச் சொன்ன இம்மரம் வெட்ட வெட்ட அடிக்கட்டையிலிருந்து துளிர்ப்பது. அந்தத் துர்க்குணமே வியாபாரியின் கண்ணுக்கு நற்குணமாகப் பட்டுவிட்டால், பிறகு அதை வேரோடு பறிக்க யார் முன்வருவார்?