திறன்பேசித் திரைப் பூட்டு
திரைப் பூட்டு என்பது கடவெண், கோலம், கைரேகை முதலியவற்றால் திறன்பேசியைப் பிறர் திறவாமல் தடுக்கும் அமைப்பாகும்.

பூட்டில்லாத கருவி தொலைந்தால், எடுத்தவர் வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவுச்சொல்லைப் படிக்க இயலும். பூட்டு இருந்தாலோ, விபத்தில் உணர்விழந்தவரின் உறவினரைப் பிறர் அழைக்க இயலாது போகலாம். சேலம், நாமக்கல் பகுதிகளிலிருந்து வெளிமாநிலங்களுக்குச் செல்லும் லாரி ஓட்டுநர்களுக்கு இவ்விரு இடர்களும் உண்டு.

இரண்டாவது இடருக்குத் தீர்வு உள்ளது. ஆண்ட்ராய்டு, ஐபோன் கருவிகளில் உறவினர் எண்ணையும் குருதி வகையையும் அவசரத் தகவலாகப் பதிந்து வைத்தால், பூட்டைத் திறவாமலே அவற்றைக் காணலாம். 112 என்ற அவசர எண்ணையும் அவ்வாறே அழைக்கலாம். ஆகவே பூட்டு இடுவதே ஏற்றது.

எனினும் திரைப் பூட்டு சிம் அட்டையைக் காப்பதில்லை. அதனை வேறு கருவியில் இட்டுக் குறுஞ்செய்திகளைப் பெற இயலும். இதைத் தடுக்க சிம் அட்டைக்கும் தனிக் கடவெண் இடுதல் வேண்டும். பூட்டிய திரையில் குறுஞ்செய்திகள் தோன்றாதவாறு மறைத்தலும் வேண்டும்.