தலையணையோடு வரும் விருந்தாளிகள்!

சனிக்கிழமை மாலை மணி 5. வாசலில் கார் வந்து நிற்கிறது. எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி இறங்குகிறாள். ஒரு கையில் பரிசுப் பொட்டலம். இன்னொரு கையில் தலையணை. முதுகில் ஒரு பை. பைக்குள் இரவு உடை, பல் துலக்கும் பிரஷ், ஒரு கரடிப் பொம்மை.

பிறந்த நாள் விருந்துக்கு வருகிறவளுக்குத் தலையணை எதற்கு?

அவள் இன்று இரவு வீடு திரும்பமாட்டாள்! தோழியின் வீட்டிலேயே படுத்து உறங்குவாள். நாளைக் காலைப் பலகாரம் சாப்பிட்ட பிறகுதான் போவாள். அவளைப் போல இன்னும் மூன்று, நான்கு பேர் வருகிறார்கள். எல்லோர் கையிலும் தலையணை!

அமெரிக்காவில் இதற்கு 'ஸ்லீப் ஓவர்' என்று பெயர். 'இரவு தங்கல்' என்று நாம் சொல்லலாம். 'ஸ்லம்பர் பார்ட்டி' என்று இன்னொரு பெயரும் உண்டு. உறக்க விருந்து என்று அதற்குப் பொருள். பெயர்தான் உறக்க விருந்து. உறக்கம் மட்டும் இருக்காது!

அடுத்த வீட்டில் படுப்பது நம் குழந்தைகளுக்கும் புதிதல்ல. கோடை விடுமுறை வந்தால் பாட்டி வீடு, அத்தை வீடு, மாமா வீடு என்று போய்விடுவார்கள். மொட்டை மாடியில் வரிசையாகப் பாய் விரித்துப் பத்துப் பிள்ளைகள் படுத்துக்கொள்ளும். ஆனால் அதெல்லாம் சொந்தக்காரர் வீடு.

அமெரிக்கச் சிறுமி தங்கப் போவது பள்ளித் தோழியின் வீட்டில். அந்தத் தோழியின் தாய் தகப்பனை இவளுடைய பெற்றோர் பள்ளி வாசலில் இரண்டு முறை பார்த்திருப்பார்கள். "சவுக்கியமா?" என்று கேட்டிருப்பார்கள். அவ்வளவுதான் பழக்கம். அதை நம்பிப் பெற்ற பிள்ளையை ஒரு ராத்திரி முழுவதும் விட்டுவிட்டு வரவேண்டும்!

அழைக்கிற தாய்க்கும் இது லேசான காரியம் அல்ல. கேக்கும் பலூனும் கடையில் கிடைக்கும். பிறர் வீட்டுப் பிள்ளைகள் ஐந்து பேரின் பொறுப்பை ஒரு ராத்திரி சுமப்பதுதான் பெரிய வேலை.

எத்தனை பேர்?

"எத்தனை வயதோ அத்தனை விருந்தாளி" என்று அமெரிக்கத் தாய்மார்கள் ஒரு கணக்குச் சொல்வார்கள். பகல் விருந்துக்கு அந்தக் கணக்கு சரி. இரவு தங்கலுக்கு அது ஆகாது. எட்டுக் குழந்தைகளை இரவு முழுவதும் யார் மேய்ப்பது? வீட்டுக் குழந்தையையும் சேர்த்து நான்கு அல்லது ஆறு பேர் போதும். இரட்டைப்படையாக இருப்பது நல்லது. மூன்று சிறுமிகள் கூடினால் இருவர் சேர்ந்துகொண்டு ஒருத்தியை ஒதுக்குவார்கள். இது எந்த ஊரிலும் நடப்பதுதானே!

வயதும் முக்கியம். ஐந்து வயதில் வேண்டாம். ஏழு, எட்டு வயதுக்கு மேல்தான் பெரும்பாலான பிள்ளைகளுக்கு இது ஒத்துவரும்.

அழைப்புச் சீட்டில் இரண்டு நேரம் போடவேண்டும். கொண்டுவந்து விடும் நேரம் ஒன்று. அழைத்துப் போகும் நேரம் ஒன்று. இரண்டாவதைப் போட மறந்தால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடும் உங்கள் செலவுதான்! சீட்டை வகுப்பறையில் கொடுக்கக்கூடாது. அழைக்கப்படாத பிள்ளைகள் ஏங்கிப் போகும். வகுப்பு முழுவதையும் அழைப்பதானால் மட்டுமே அங்கே சீட்டுக் கொடுக்கலாம் என்று பல பள்ளிகள் விதியே வைத்திருக்கின்றன.

கூச்சப்படாமல் கேட்க வேண்டியவை

பிள்ளையை அனுப்பும் முன்பு பெற்றோர் சில கேள்விகளைக் கேட்டுவிட வேண்டும். கேட்டால் தவறாக நினைப்பார்களோ என்று நம்மவர்கள் தயங்குவார்கள். அமெரிக்காவிலும் பலர் தயங்கத்தான் செய்கிறார்கள்.

முதல் கேள்வி: "இரவில் வீட்டில் யார் யார் இருப்பார்கள்?" தாயும் தகப்பனும் இருப்பார்களா? பெரிய அண்ணன்மார் உண்டா? அவர்களுடைய நண்பர்கள் வருவார்களா? வேறு உறவினர் தங்கியிருக்கிறார்களா? பிள்ளைகள் எந்த அறையில் படுப்பார்கள்? நல்ல குடும்பத்தார் இந்தக் கேள்விகளுக்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபித்துக்கொண்டால் அனுப்ப வேண்டாம்.

இரண்டாவது கேள்வி நமக்கு வியப்பாக இருக்கும். "உங்கள் வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா? பூட்டி வைத்திருக்கிறீர்களா?"

ஆமாம், துப்பாக்கி! பியூ ஆராய்ச்சி மையம் 2023 இல் கேட்டபோது, அமெரிக்கர்களில் பத்துக்கு நான்கு பேர் தங்கள் வீட்டில் துப்பாக்கி உண்டு என்றார்கள். பிள்ளைகள் அலமாரியைக் குடைந்து துப்பாக்கியை எடுத்து, விளையாட்டாகச் சுட்டு, உயிர் போன சம்பவங்கள் அங்கே திரும்பத் திரும்ப நடக்கின்றன. ஆகவேதான் பிள்ளையை விளையாட அனுப்பும் முன் இதைக் கேட்டுவிடுங்கள் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமே பெற்றோருக்குச் சொல்கிறது. குண்டு எடுத்த துப்பாக்கி ஒரு பூட்டில் இருக்கவேண்டும். குண்டுகள் வேறொரு பூட்டில் இருக்கவேண்டும். இதுவே அந்தச் சங்கத்தின் யோசனை.

அழைக்கிற தாய் கேட்க வேண்டிய கேள்வியும் ஒன்று உண்டு. "உங்கள் குழந்தைக்கு எது ஒத்துக்கொள்ளாது?"

சில குழந்தைகளுக்கு வேர்க்கடலை ஒரு துணுக்கு உள்ளே போனாலும் ஆபத்து. தொண்டை வீங்கி மூச்சு அடைத்துவிடும். பால், முட்டை, மீன், இறால் வகை, முந்திரி பாதாம் வகை, வேர்க்கடலை, கோதுமை, சோயா ஆகிய எட்டும் பொட்டலத்தில் இருந்தால் அச்சிட்டே ஆகவேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். 2023 முதல் எள்ளும் சேர்ந்து ஒன்பது ஆயிற்று. நம் எள்ளுருண்டை அங்கே எச்சரிக்கைக்கு உரிய பண்டம்!

இப்படிப்பட்ட குழந்தை வரும்போது எபிநெஃப்ரின் என்ற மருந்து நிரப்பிய பேனா போன்ற ஊசியும் கூடவே வரும். மூச்சுத் திணறினால் தொடையின் வெளிப்பக்கத்தில் உடனே குத்தவேண்டும். பிறகு 911 க்கு டெலிபோன் செய்யவேண்டும். ஊசியை வாங்கி அலமாரியில் வைத்தால் போதாது. எப்படிக் குத்துவது என்று அந்தக் குழந்தையின் தாயிடம் அப்போதே கேட்டுப் பழகிக்கொள்ள வேண்டும்.

சைவக் குழந்தைகளின் பெற்றோருக்கு ஒரு சங்கதி. மார்ஷ்மெல்லோ என்று வெள்ளையாக, பஞ்சு போல ஒரு மிட்டாய் கொடுப்பார்கள். பார்த்தால் சர்க்கரை மிட்டாய். ஆனால் பெரும்பாலும் அதில் ஜெலட்டின் இருக்கும். அது பன்றி அல்லது மாட்டின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது. முன்கூட்டியே சொல்லிவிட்டால் இரண்டு பக்கமும் சங்கடம் இல்லை.

அனுப்பாதவர்கள்

இந்த வழக்கமே வேண்டாம் என்பவர்களும் இருக்கிறார்கள். யேல் பல்கலைக் கழகத்தில் சட்டப் பேராசிரியையான ஏமி சுவா சீன வம்சாவளியைச் சேர்ந்தவர். தம் இரண்டு பெண்களுக்கும் அனுமதிக்காத காரியங்களை 2011 இல் ஒரு புத்தகத்தில் பட்டியல் போட்டார். பட்டியலில் முதலாவது இடம் இரவு தங்கலுக்குத்தான்!

அங்கே குடியேறிய இந்தியப் பெற்றோர் பலரும் தயங்குகிறார்கள். பெண் அழுகிறாள். "எல்லோரும் போகிறார்கள், நான் மட்டும் போகக்கூடாதா?" என்று கேட்கிறாள். தாய்க்கு என்ன சொல்வதென்று தெரிவதில்லை. ஊரிலிருந்து போயிருக்கும் பாட்டியோ, "பெண் பிள்ளையை ராத்திரியில் அனுப்புவதாவது!" என்கிறாள். பாட்டியின் பயத்தை வெறும் பட்டிக்காட்டுத்தனம் என்று தள்ளிவிட முடியாது.

இதற்கு ஒரு நடுவழி கண்டுபிடித்திருக்கிறார்கள். 'பாதி ஸ்லீப் ஓவர்' என்று பெயர். குழந்தைகள் இரவு உடையிலேயே வருவார்கள். சாப்பிட்டு, விளையாடி, சினிமா பார்ப்பார்கள். இரவு 9, 10 மணிக்குப் பெற்றோர் வந்து அழைத்துப் போவார்கள். எனக்கு இது நல்ல ஏற்பாடாகவே படுகிறது. முதல் தடவை அழைப்பவர்களும் இதிலே தொடங்கலாம்.

ஊதினால் என்ன?

மாலையில் வழக்கமான பிறந்த நாள்தான். பீட்சா, கேக், மெழுகுவர்த்தி. அமெரிக்காவின் கிளெம்சன் பல்கலைக் கழகத்தார் 2017 இல் ஒரு சோதனை செய்தார்கள். கேக்கின் மேல்பூச்சில் மெழுகுவர்த்தியை வைத்து ஊதி அணைத்துப் பார்த்தார்கள். ஊதிய பிறகு கிருமிகளின் எண்ணிக்கை சராசரியாக 1400 சதவீதம் அதிகமாகி இருந்தது! ஆனாலும், ஊதுகிறவர் நோயாளியாக இல்லாவிட்டால் பயப்பட வேண்டியதில்லை என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். சளி பிடித்திருந்தால் சின்னக் கேக் ஒன்றைத் தனியாக வைத்து ஊதச் சொல்லலாம்.

பிறகு விளையாட்டு. போர்வைகளை நாற்காலிகள் மேல் போட்டுக் கூடாரம் அமைப்பார்கள். விளக்கை அணைத்துவிட்டு டார்ச் லைட்டை முகவாய்க்கட்டையின் கீழே பிடித்துப் பேய்க் கதை சொல்வார்கள். தலையணையால் அடித்துக்கொள்வார்கள்.

ஒரு விளையாட்டைத் தனியே சொல்லவேண்டும். ஒருத்தி பிணம் போல விறைத்துப் படுப்பாள். மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து, விரல்களை அவளுக்கு அடியில் கொடுத்து, மந்திரம் போல ஒரே வார்த்தைகளைத் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். திடீரென்று தூக்குவார்கள். அவள் எழும்பி விடுவாள்!

பேயும் இல்லை, மாயமும் இல்லை. 25 கிலோ எடையுள்ள சிறுமியை ஐந்து பேர் தூக்கினால் ஆளுக்கு 5 கிலோதான். மந்திரம் எதற்கு என்றால், எல்லோரும் ஒரே நொடியில் தூக்குவதற்கு. படகு தள்ளுகிறவர்கள் "ஏலேலோ" போடுவது போல!

இந்த விளையாட்டு மிகப் பழையது. லண்டனில் வாழ்ந்த சாமுவேல் பீப்ஸ் 1665 ஆம் ஆண்டு ஜூலை 31 ஆம் தேதி நாட்குறிப்பில் இதை எழுதி வைத்திருக்கிறார். பிரான்ஸ் நாட்டில் நான்கு சிறுமிகள் ஒரு பையனை விரலால் தூக்கியதைத் தாம் பார்த்ததாக நண்பர் ஒருவர் சொன்னாராம்.

டெலிபோன்களை மட்டும் வந்தவுடனே ஒரு கூடையில் வாங்கி வைத்துவிட வேண்டும். இரவு உடையில் இருக்கும் பிறர் வீட்டுப் பிள்ளைகளைப் படம் பிடித்து ஊருக்கு அனுப்புவது கூடாது. பிள்ளைகளுக்கும் கூடாது, பெரியவர்களுக்கும் கூடாது.

பையின் அடியில் ஒரு ரகசியம்

மணி 10. ஹாலில் வரிசையாக உறக்கப் பைகளை விரிக்கிறார்கள். மெத்தையைப் பை போலத் தைத்த மாதிரி இருக்கும் அது. உள்ளே புகுந்து ஜிப்பை இழுத்துக்கொள்ள வேண்டியதுதான். யார் பக்கத்தில் யார் என்பதை வீட்டுத் தாயே முடிவு செய்யவேண்டும். பிள்ளைகளிடம் விட்டால் ஒருத்தி ஓரத்தில் ஒதுக்கப்படுவாள்.

அழைப்பு வந்தும், "எனக்கு வர இஷ்டமில்லை" என்று சில பிள்ளைகள் சொல்லிவிடும். இஷ்டம் இல்லாமல் அல்ல. படுக்கையை நனைத்துவிடுவோமோ என்ற பயம்! ஏழு வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு 5 முதல் 10 பேருக்கு இந்தத் தொல்லை உண்டு. அதாவது 25 பேர் படிக்கும் வகுப்பில் ஒருவரோ இருவரோ இருப்பார்கள். சோம்பலும் அல்ல, திமிரும் அல்ல. வயது ஏற ஏறப் பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும்.

பெற்றோர் இதை மறைக்காமல் வீட்டுத் தாயிடம் காதோடு சொல்லிவிட வேண்டும். உறிஞ்சும் உள்ளாடையை உறக்கப் பையின் அடியில் முன்பே வைத்து அனுப்பலாம். குழந்தை பைக்குள் புகுந்து யாருக்கும் தெரியாமல் மாட்டிக்கொள்ளும். வீட்டுத் தாய் மாற்று உடையும் விரிப்பும் கைவசம் வைத்திருப்பாள். காலையில் நனைந்திருந்தால், "நான்தான் தண்ணீரைக் கொட்டிவிட்டேன்!" என்று ஒரு பொய் சொன்னாலும் தவறில்லை. இப்படி ஓர் இரவுக்கென்று டாக்டர்கள் கொடுக்கும் மாத்திரையும் உண்டு. ஆனால் அதைத் தின்ற இரவில் தண்ணீரை மிகவும் குறைக்கவேண்டும். டாக்டரைக் கேட்காமல் கொடுக்கக்கூடாது.

நள்ளிரவில் ஓர் அழுகை

மணி 12. நான்கு பேர் இன்னும் குசுகுசு என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஒருத்தி மட்டும் போர்வைக்குள் அழுகிறாள். வீட்டு நினைப்பு வந்துவிட்டது!

வீட்டுத் தாயின் சாமர்த்தியம் இங்கேதான் தெரியும். "மற்றவர்கள் அழுகிறார்களா? நீ மட்டும் ஏன்?" என்று கேட்கவே கூடாது. மெல்ல எழுப்பிச் சமையலறைக்கு அழைத்துப் போகவேண்டும். வெதுவெதுப்பாகப் பால் கொடுக்கலாம். ஐந்து நிமிஷம் வேறு பேச்சுப் பேசலாம். அதிலே பலர் தேறிவிடுவார்கள். தேறாவிட்டால் தாய்க்கு டெலிபோன் செய்துவிட வேண்டும், மணி எத்தனை ஆனாலும் சரி.

சில குடும்பங்களில் ஒரு தந்திரம் வைத்திருக்கிறார்கள். குழந்தை டெலிபோனில், "நாய்க்குச் சோறு வைத்தாயா அம்மா?" என்று கேட்டால், "என்னை அழைத்துப் போ" என்று அர்த்தம்! தாய் உடனே, "பாட்டி வந்திருக்கிறாள், நீ வரவேண்டும்" என்று தானே காரணம் சொல்லி வந்துவிடுவாள். மற்றவர்கள் முன்னால் குழந்தைக்கு மானம் போகாது.

அழைத்துப் போகிற தகப்பன் காரில் ஒரு வார்த்தை திட்டக்கூடாது. தூக்கக் கலக்கத்தில் திட்ட வரும். ஆனாலும் கூடாது. இன்று வாங்கிக் கட்டிக்கொண்ட பிள்ளை, நாளை நிஜமாகவே பயப்படும்படி ஏதாவது நடந்தாலும் டெலிபோனை எடுக்காது.

6 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு 9 முதல் 12 மணி நேர உறக்கம் வேண்டும் என்று அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் 2016 இல் சொன்னது. இந்தப் பிள்ளைகள் ஒரு மணிக்குக் கண்ணை மூடி, ஆறு மணிக்கு எழுந்துவிடுவார்கள்! காலையில் பான் கேக். நம் ஊர் இனிப்புத் தோசை மாதிரி இருக்கும். மேலே மேப்பிள் மரத்துப் பாகு.

பத்து மணிக்குக் கார்கள் வருகின்றன. பிள்ளைகள் போன பிறகு ஞாயிற்றுக்கிழமையில் வேறு எந்த வேலையும் வைத்துக்கொள்ள வேண்டாம். வீட்டுக் குழந்தை மத்தியானம் சிடுசிடுக்கும், காரணமில்லாமல் அழும். தாயும் அப்படித்தான் இருப்பாள். இருவரும் படுத்துத் தூங்கட்டும். யாருடையது என்று தெரியாத ஓர் ஒற்றைக் காலுறை சோபாவுக்கு அடியில் கிடக்கும். அதைத் திங்கட்கிழமை தேடிக்கொள்ளலாம்.