ஒரு கண்ணை மூடிப் பாருங்க

ஏற்காடுன்னா நமக்கு ஏரி, லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட், ரெண்டு நாள் லீவு. அதே சேர்வராயன் மலையில, காபித் தோட்டங்களுக்கு நடுவுல இருக்கிற ஊர் வாழவந்தி. இன்னிக்கு அங்கிருந்து ஆரம்பிக்கலாம். பேசப்போறது குழந்தைங்க கண்ணைப் பத்தி.

மூணு வயசுக் குழந்தை "எனக்குச் சரியா தெரியல"ன்னு சொல்லாது. பிறந்ததிலிருந்தே மங்கலாத்தான் தெரியுதுன்னா, உலகமே அப்படித்தான்னு அது நினைச்சுக்கும். ஒரு கண்ணுல மட்டும் கோளாறுன்னா இன்னும் சிக்கல். நல்ல கண்ணை வச்சே ஓடும், விளையாடும். யாருக்கும் சந்தேகமே வராது.

ஆனா உள்ளே ஒண்ணு நடக்குது. தெளிவில்லாத கண்ணுல இருந்து வர்ற படத்தை மூளை மெல்ல ஒதுக்கிடுது. இதைத்தான் 'சோம்பேறிக் கண்'ணுன்னு சொல்றோம். உண்மையில கண்ணு சோம்பேறி இல்ல. பார்க்கப் பழக அதுக்கு வாய்ப்பே கிடைக்கல.

சிகிச்சை பெரும்பாலும் எளிமையானதுதான். முதல்ல சரியான கண்ணாடி. அது போதலைன்னா, நல்ல கண்ணை தினமும் கொஞ்ச நேரம் ஒட்டுப் போட்டு மூடி, பலவீனமான கண்ணை வேலை செய்ய வைப்பாங்க. மிதமான பாதிப்புக்குப் பல நேரம் ரெண்டு மணி நேரமே போதும். ஏழு வயசுக்குள்ள ஆரம்பிச்சா பலன் அதிகம். வயசு ஏற ஏற, பார்வையை மீட்கிறது கஷ்டமாயிடும்.

வாழவந்தி இங்கதான் முக்கியம். மலையில இருக்கிற குடும்பம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும்னா, 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி சேலம் வரணும். ஒரு நாள் கூலியும் போயிடும். குழந்தை நல்லாத்தானே விளையாடுதுன்னு தோணும்போது யார் கிளம்புவாங்க? அதனாலதான் ஊருக்கே வர்ற பரிசோதனை அவ்வளவு அவசியம். 2013-ல தொடங்கின தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்துல, மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு வருஷத்துக்கு ரெண்டு முறையும், அரசுப் பள்ளிக்கு ஒரு முறையும் வரணும். கண் பரிசோதனையும் அதுல உண்டு. அன்னிக்குக் குழந்தையை லீவு போட வைக்காதீங்கன்னு தெரிஞ்சவங்ககிட்ட சொல்லுங்க.

எனக்கு உறுத்துற விஷயம் வேற. நகரத்துல கண் டாக்டர் பக்கத்துத் தெருவுலயே இருப்பார், நாமளும் போறதில்ல. காரணம் அதேதான்: குழந்தை நல்லாத்தானே இருக்கு!

அதனால அக்கா பையன், அண்ணன் பொண்ணுன்னு யார் இருந்தாலும் இதைக் கவனிங்க. விளையாட்டு மாதிரி ஒவ்வொரு கண்ணா மூடிப் பாருங்க. ஒரு கண்ணை மூடினா சும்மா இருக்கிற குழந்தை, இன்னொண்ணை மூடினதும் அழுது கையைத் தள்ளுதா? உடனே காட்டணும். தலையைச் சாய்ச்சுப் பார்க்கிறது, வெயில்ல ஒரு கண்ணை மட்டும் மூடுறது, டிவிகிட்டயே போய் உட்கார்றது, இதெல்லாமும் அறிகுறிதான். நாலு மாசத்துக்கு மேல மாறுகண் இருந்தா 'அதிர்ஷ்டம்'னு விடாதீங்க.

ஃபிளாஷ் போட்டு எடுத்த போட்டோவுல கண்ணின் நடுப்பகுதி வெள்ளையா மினுங்கினா, தள்ளிப்போடவே கூடாது. அது கண்புரையா இருக்கலாம். சில நேரம் ரெட்டினோபிளாஸ்டோமாங்கிற கண் புற்றுநோயாவும் இருக்கலாம். சீக்கிரம் கண்டுபிடிச்சா உயிரையும், பல நேரம் பார்வையையும் காப்பாத்த முடியும்.

ஒரு அறிகுறியும் இல்லைன்னாகூட, ஸ்கூல் சேர்க்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை கண் டாக்டர்கிட்ட காட்டிடுங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.