வாய் பேசா நோயாளிக்கு வைத்தியர் தேடிய கதை

தெல்லிப்பழையிலே, காங்கேசன்துறை வீதியிலிருந்து சற்று உள்ளே தள்ளி, இரண்டு அறையும் ஒரு தாழ்வாரமும் கொண்ட பழைய வீடொன்றில் மிருக வைத்திய நிலையம் தொடங்க அன்பர் சிலர் எண்ணினர். அதற்கு வைத்தியர் ஒருவரைத் தெரிவு செய்ய நிகழ்ந்த நேர்முகப் பரீட்சைக்கு என்னையும் அழைத்திருந்தனர். நான் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவன். பசுவைப் பற்றி நான் அறிந்ததெல்லாம் அது பால் தரும், கீழ்வகுப்புப் பிள்ளைகளுக்குக் கட்டுரைத் தலைப்பாகவும் உதவும் என்ற அளவே. “விண்ணப்பித்தவர்கள் ஆங்கிலத்திலே படித்தவர்கள். எங்கடை சனத்தோடை கதைச்சு விளங்கிக்கொள்ளக் கூடியவர்களோ எண்டு நீங்கள்தான் பார்த்துச் சொல்லவேணும், மாஸ்டர்” என்று தலைவர் கேட்டபோது மறுக்க மனம் வரவில்லை.

வள்ளுவர் மருத்துவத்தை நோயாளி, வைத்தியன், மருந்து, உடனிருந்து பணிபுரிவோன் என நான்காக வகுத்தார். மிருக வைத்தியத்திலே முதலாவதாக நிற்கும் நோயாளிக்கு வாயில்லை. அதற்காக உடையவர் பேசுகின்றார்; அவரும் பாதியை மறந்து, பாதியை மறைத்தே பேசுகின்றார். ஆகவே இத்தொழிலுக்கு ஆளைத் தெரிவது மனிதருக்கு வைத்தியரைத் தெரிவதினும் அரிது என்பதை அன்று காலையிலேயே நான் உணர்ந்திருக்க வேண்டும். உணரவில்லை.

இக்கல்விக்கு முதற் கல்லூரி தோன்றியது 1761 ஆம் ஆண்டு, பிரான்சு தேசத்து லியோன் நகரிலே. அதனை நிறுவிய குளோட் பூர்ஜெலா குதிரையேற்றப் பள்ளியொன்றின் தலைவராய் இருந்தவர். அக்காலத்தில் ஐரோப்பாவின் மந்தைகளை வெக்கை நோய் வாரிக்கொண்டு போயிற்று. அந்த அச்சமே கல்லூரிக்கு வித்தாயிற்று. சென்னை வேப்பேரியில் 1903 இல் கால்நடை மருத்துவக் கல்லூரி எழுந்தது. இலங்கையிலோ 1947 இல்தான் பல்கலைக்கழக மட்டத்தில் இக்கல்வி தொடங்கியது. அதற்கு முன் கற்க விரும்பியவன் கடல் கடக்க வேண்டியிருந்தது. இன்று நம் பிள்ளைகள் பேராதனைக்குச் செல்கின்றனர். 1956 இல் இயற்றப்பெற்ற சட்டத்தின்படி, கற்றவர் தம் பெயரைப் பதிவு செய்த பின்னரே தொழில் செய்யலாம். அன்று நாங்கள் முதலிற் பார்த்ததும் அந்தப் பதிவுப் பத்திரத்தையே.

மேற்சொன்ன வெக்கை நோயை நம் நாடு நெடுங்காலம் மறந்திருந்தது. 1987 இல் அது மீண்டும் புகுந்தது. போர்க்காலத்தில் கடல் கடந்து வந்த ஆடுகளோடு வந்ததென்பது வல்லுநர் துணிபு. உலகம் முழுவதும் அந்நோயினின்று விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது 2011 இலேதான்.

வலிகாமம் வடக்கு மக்கள் 1990 இல் வீடுவாசலை விட்டு ஓடியபோது கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்துவிட நேரம் கிடைத்தவர் பாக்கியசாலிகள். திரும்பி வந்தவர் பலர், இடிந்த சுவருக்குக் கூரை போடுமுன்னே ஒரு மாட்டுக் கொட்டிலைப் போட்டனர். மாடுதான் மறுநாளே காசு தருவது. அப்படி வாங்கிய மாட்டுக்கு 2020 இல் தோற்கழலை நோய் வந்தது. 2022 மார்கழியில், மாண்டஸ் புயலை ஒட்டிய குளிரிலே, வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடுகள் ஒரே இரவில் விறைத்து வீழ்ந்தன. ஏதோ புதிய கொள்ளைநோய் என்று ஊர் நடுங்கியது. பரிசோதித்த வைத்தியர்கள் சொன்னார்கள்: நோயன்று, குளிர். அந்த ஒரு சொல்லின் விலை என்னவென்று கேட்டால், ஒரு மாட்டை மட்டும் நம்பிய குடும்பத்தாரிடமே கேட்க வேண்டும்.

பரீட்சைக்கு வருவோம். இருவர் வந்திருந்தனர். முதலில் வந்த இளைஞர் கேட்டவற்றுக்கெல்லாம் பிழையின்றி விடையளித்தார். அரசாங்க நியமனம் கிடைத்தால் போய்விடுவீரோ என்றதற்கு, “போவேன், ஐயா” என்றார். அந்த நேர்மை எனக்குப் பிடித்தது, தலைவருக்குப் பிடிக்கவில்லை.

அடுத்து வந்தவர் ஒரு பெண். எங்களுள் ஒருவராயிருந்த கமக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, “பிள்ளை, இரவு பதினொரு மணிக்கு மாடு கன்று போட ஏலாமற் கிடக்குதெண்டு வந்து கூப்பிட்டால் தனியப் போவியளோ?” என்றார்.

“போவேன், ஐயா. போறதுக்கு நீங்கள் என்ன வாகனம் தருவியள்?”

எங்களிடம் வாகனமில்லை. அதன்பின் பரீட்சை திசை மாறிவிட்டது. தடுப்பு மருந்தைக் குளிரில் வைக்கக் குளிர்சாதனப் பெட்டி உண்டா, மின்சாரம் நின்றால் என்ன ஏற்பாடு, மாட்டைப் பிடித்துக்கொள்ளப் பழகிய உதவியாளர் யார், விசர் நாயென்று ஐயப்படும் நாயைக் கொண்டுவந்தால் அடைத்துவைக்கத் தனிக்கூடு எங்கே என்று அவர் வரிசையாகக் கேட்க, நாங்கள் மூவரும் பாடம் படிக்காமல் வந்த மாணாக்கர்போல ஒருவரையொருவர் பார்த்தோம்.

ஆங்கில எழுத்தாளர் ஜேம்ஸ் ஹெரியட் என்பாரை வாசகர் சிலர் படித்திருப்பர். யோர்க்சயர் நாட்டுப்புறத்துக்கு வேலை தேடிச் சென்ற இளம் வைத்தியர், தம்மை அழைத்தவர் அதை மறந்தே போயிருக்கக் காண்கிறார். பின்பு அவர் இவரைப் பண்ணை பண்ணையாகக் கூட்டிச் சென்று, சீழ்கட்டிய குதிரைக் குளம்பை இவர் கையில் கொடுத்து வேடிக்கை பார்க்கிறார். அதுவே பரீட்சை. 1970 இல் வெளிவந்த அந்நூல் என் நினைவில் எழ, “அயலிலே ஏதாவது நோயுற்ற மாடு உண்டோ?” என்று கேட்டேன். தமிழ் வாத்தியார் அன்று செய்த பயனுள்ள காரியம் அது ஒன்றே.

பூவரசம் வேலிக்கு அப்பால் இருந்தது மாடு. தலையைத் தொங்கப் போட்டு நின்றது. அதனை உடைய ஆச்சி, “தம்பிமாரே, நேற்றையிலிருந்து இரைமீட்கேல்லை, ஆற்றையோ கண்ணூறு” என்றார். அந்தப் பெண் கண்ணூற்றை மறுக்கவில்லை. மாட்டின் இடப்பக்க விலாவில் கையை அழுத்தினார், காதை வைத்துக் கேட்டார், சாணத்தை மோந்தார். பின்பு குந்தியிருந்து, “ஆச்சி, பக்கத்திலை எங்கையேனும் கலியாணம் நடந்ததோ?” என்றார்.

ஆச்சி சிறிது நேரம் பேசவில்லை. மிஞ்சின சோற்றை எறிய மனமில்லாமல் ஒரு கடகம் வைத்தாராம். மாட்டின் முதல் வயிற்றில் சோறு புளித்து அமிலமாகும், இரைமீட்டல் நிற்கும், கவனியாது விட்டால் உயிருக்கே கேடு. அப்பச்சோடாவை அளந்து நீரிற் கரைத்துப் பருக்குவித்தார். சோறும் தவிடும் நிறுத்தி, வைக்கோல் மட்டும் போடச் சொன்னார். மாலையில் மீண்டும் வந்து பார்ப்பதாகவும், குணமில்லையேல் வயிற்றைத் திறக்க நேரலாம் என்றும் மறைக்காமற் சொன்னார். ஆச்சியைக் கடிந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் தீர்ப்பை அவ்விடத்திலேயே எழுதிவிட்டேன்.

திரும்பி வந்தபின் வாதம் நீண்டது. சம்பளம் அரசாங்கத்தார் கொடுப்பதற்கு ஈடாகாது. பெண் தனியே இரவில் அலைவது ஊருக்குப் பொருந்தாது. இவரும் ஒருநாள் போய்விடுவார் என்றெல்லாம் பேசப்பட்டது. போகத்தான் போவார். இருக்கும் மட்டும் இருக்கட்டும் என்றேன். கமக்காரர், “இரவிலை கூப்பிட்டால் என்ரை மோட்டார் சைக்கிளிலை நானும் மனுசியும் ஆளுக்கொரு நாள் கொண்டுபோய் விடுவம்” என்றார். அவருடைய மனைவி மோட்டார் சைக்கிள் ஓட்டுவார் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரியும்.

அன்று மாலை மாடு மெல்ல அசைபோடத் தொடங்கியதாக ஆச்சி ஆளனுப்பினார். நியமனக் கடிதம் மறுநாளே எழுதப்பட்டது. அந்தப் பெண் அதை வாங்கி ஒருமுறை வாசித்து, மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். பத்து நாள் கழித்து, குளிர்சாதனப் பெட்டி வந்து இறங்கிய பின்னரே கையெழுத்திட்டார்.