இறைக்குரல் (கிறித்தவம்)

இறைக்குரல் அல்லது தேவசத்தம் என்பது, கடவுள் தம் விருப்பத்தை மனிதருக்கு உணர்த்துவதைக் குறிக்கக் கிறித்தவர்கள் வழங்கும் சொல் ஆகும். இது பெரும்பாலும் காதால் கேட்கும் ஒலியைக் குறிப்பதில்லை; விவிலியம் வாசிக்கையிலும் மன்றாடுகையிலும் உள்ளத்தில் எழும் தெளிவையே குறிக்கிறது.

விவிலியத்தில்

முதலாம் சாமுவேல் நூலில் (அதிகாரம் 3), கடவுள் அழைத்ததைக் குரு ஏலியின் அழைப்பு என்று சிறுவன் சாமுவேல் மூன்று முறை தவறாக எண்ணினான். அழைப்பவர் கடவுள் என்பதை ஏலி உணர்த்திய பின்னரே அவன் கடவுளுக்கு மறுமொழி கூறினான். இக்குரலை அறிதல் பிறர் துணையுடன் கற்கப்படுவது என்பதற்கு இந்நிகழ்வு எடுத்துக்காட்டாகும்.

தேர்ந்து தெளிதல்

உள்ளத்தில் எழும் எண்ணம் யாவும் இறைக்குரல் அன்று. எனவே அதனைச் சோதித்தறியுமாறு யோவானின் முதலாம் திருமுகம் (4:1) பணிக்கிறது. கத்தோலிக்கர் இதனைத் தேர்ந்து தெளிதல் என்பர். 1521 ஆம் ஆண்டில் போரில் காயமுற்றுப் படுத்திருந்த லொயோலா இஞ்ஞாசியார், சில எண்ணங்கள் நிலைத்த மகிழ்ச்சியையும் வேறு சில வறட்சியையும் விட்டுச்செல்வதைக் கவனித்தார். இவ்வனுபவத்தில் வேர்கொண்ட அவரது 'ஆன்மீகப் பயிற்சிகள்' நூல் 1548 இல் அச்சாகியது. சீர்திருத்தத் திருச்சபையினர், விவிலியத்துக்கு முரணாகாமையை முதன்மை அளவுகோலாகக் கொள்வர்.

சென்னையில்

பஞ்சாபில் பிறந்த நற்செய்தியாளர் பக்த் சிங் (1903–2000), முடிவெடுக்கும் முன் மன்றாடிக் காத்திருப்பதை வலியுறுத்தினார். 1941 இல் அவரும் உடன் ஊழியர்களும் பல்லாவரம் மலையில் இரவு முழுவதும் மன்றாடினர். அவ்வாண்டே சென்னையில் யெகோவா ஷம்மா சபை தொடங்கப்பட்டது. இங்கும் காத்திருத்தல் தனியொருவருடையதாக அன்றிக் கூட்டாகவே நிகழ்ந்தது.