சூரியன் ஏன் திடீர்னு சீறுது? நம்ம செல்போனுக்கு ஆபத்தா? எளிய விளக்கம்

ஸ்ரீவில்லிபுத்தூர், கிருஷ்ணன்கோவில், ராஜபாளையம் பக்கம் வெயிலைப் பத்தி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனா, அந்த வெயிலைத் தரும் சூரியன் எப்பவும் ஒரே மாதிரி இருப்பதில்லை. 2024 மே மாதம் அது சீறியபோது, லடாக்கின் ஹன்லேயில் இரவு வானம் சிவந்தது கேமராக்களில் பதிவானது. இது எப்படி?

உள்ளே என்ன நடக்கிறது?

சூரியன், கொதிக்கும் பிளாஸ்மா பந்து. அதன் மையத்தில் சுமார் 1.5 கோடி டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஹைட்ரஜன் அணுக்கள் இணைந்து ஹீலியமாகின்றன. அந்த ஆற்றலால் வெளிப்பகுதி பிளாஸ்மா, உலை கொதிக்கிற மாதிரி மேலே எழும்பி, ஆறி, கீழே இறங்குகிறது.

சூரியனின் நடுப்பகுதி சுமார் 25 நாளில் ஒரு சுற்று சுத்திடும். துருவப் பகுதிக்கு 30 நாளுக்கு மேல் ஆகும். இந்த வேக வித்தியாசத்தால் காந்தப்புலக் கோடுகள் கயிறு போல முறுக்கேறுகின்றன.

கரும்புள்ளி என்பது என்ன?

முறுக்கேறிய காந்தப்புலம் மேற்பரப்பைத் துளைத்து வெளியே வரும் இடம்தான் கரும்புள்ளி. கீழிருந்து வரும் வெப்பத்தை அது தடுக்கும். சுற்றிலும் சுமார் 5,500 டிகிரி, புள்ளியில் சுமார் 3,500 டிகிரி. அதனாலதான் கருப்பா தெரியுது. சுமார் 11 ஆண்டுக்கு ஒருமுறை புள்ளிகள் உச்சம் தொடும்.

கரும்புள்ளியிலிருந்து வாயு வெளிப்பக்கமாகப் பாய்வதை, 1909-ல் நம்ம கொடைக்கானல் ஆய்வகத்தில்தான் ஜான் எவர்ஷெட் கண்டுபிடித்தார். உலகமே அதை 'எவர்ஷெட் விளைவு' என்கிறது.

நமக்கு என்ன பாதிப்பு?

முறுக்கு தாங்காத காந்தக் கோடுகள் அறுந்து மறுபடி இணையும்போது, பிளாஸ்மா மேகம் வெளியே வீசப்படும். பெரும்பாலும் 1 முதல் 3 நாளில் பூமிக்கு வந்துடும். காந்தப்புலமும் வளிமண்டலமும் நம்மைக் காப்பதால் உடம்புக்கு நேரடி ஆபத்து இல்லை. செல்போனும் வெடிக்காது. ஆனா செயற்கைக்கோள், ஜிபிஎஸ், மின்கட்டமைப்பு தடுமாறலாம். 1989 மார்ச்சில் கனடாவின் கியூபெக்கில் சுமார் 60 லட்சம் பேர் 9 மணி நேரம் இருட்டில் தவித்தனர்.

யார் கண்காணிக்கிறார்கள்?

2023 செப்டம்பர் 2-ல் இஸ்ரோ ஏவிய ஆதித்யா எல்-1, பூமியிலிருந்து சுமார் 15 லட்சம் கி.மீ. தூரத்தில் நின்று சூரியனை இடைவிடாமல் பார்க்கிறது. அதை ஏவியபோது திட்ட இயக்குநராக இருந்த நிகர் ஷாஜி, பக்கத்து தென்காசி மாவட்டத்தின் செங்கோட்டைக்காரர்!

புயலை நிறுத்த முடியாது. முன்கூட்டியே தெரிஞ்சா, செயற்கைக்கோள்களையும் மின்கட்டமைப்பையும் பாதுகாக்கலாம்.